ரிவ்யூ 5 ஸ்டார்... வயிறு ஜீரோ! வெளிநாட்டு ட்ரிப்பில் ஃபுட் பாய்சன் ஆனால் என்ன செய்யணும்?

பாங்காக்கில் இரண்டாவது நாள். முந்தின நாள் நைட் மார்க்கெட்டில் எடுத்த ரீல்ஸுக்கு லைக்ஸ் வந்துகொண்டே இருக்கிறது. ஆனால், போஸ்ட் போட்டவர் பாத்ரூமை விட்டு வெளியே வரவில்லை. மதியம் கிராபிக்கு ஃப்ளைட். டிக்கெட் பணம் திரும்பக் கிடைக்காது. கூட வந்த நண்பன் கேட்கும் முதல் கேள்வி, ''நேத்து அந்த ரோட்டுக் கடையில சாப்பிட்டதுதானே?''

பெரும்பாலும் இந்தக் கேள்வியே தப்பு. ரோட்டுக் கடை என்றால் அழுக்கு, ஹோட்டல் என்றால் சுத்தம் என்று நாம் போட்டுவைத்திருக்கும் கணக்கு, வெளிநாட்டில் நம்மைக் காப்பாற்றுவதில்லை.

2023 இறுதியில் தாய்லாந்தும் மலேசியாவும் இந்தியர்களுக்கு விசா தேவையில்லை என்று அறிவித்தன. அதற்குப் பிறகு, கோவா போகிற மாதிரி பாங்காக், கோலாலம்பூர், பாலி, வியட்நாம் என்று கிளம்புகிறோம். விசா, ஃபாரெக்ஸ் கார்டு, இ-சிம், கோ-ப்ரோ எல்லாம் ரெடி. வயிற்றுக்கு மட்டும் எந்தத் திட்டமும் இல்லை. ஆனால், பயணிகளுக்கு அதிகமாக வரும் நோயே வயிற்றுப்போக்குதான். போகும் நாட்டையும் சீசனையும் பொறுத்து, இரண்டு வாரப் பயணத்தில் 30 முதல் 70 சதவிகிதம் பேருக்கு இது வரலாம் என்கிறது அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி.

ஃபேமஸ் கடைன்னா சேஃபா?

2023 செப்டம்பரில் வியட்நாமின் ஹோய் ஆன் நகரில் நடந்ததைப் பாருங்கள். உலகம் முழுக்க இருந்து டூரிஸ்ட்டுகள் தேடிவந்து வரிசையில் நிற்கும் ஒரு 'பான் மீ' சாண்ட்விச் கடை. அங்கே சாப்பிட்ட 300-க்கும் மேற்பட்டோருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல். வெளிநாட்டுப் பயணிகளும் அதில் இருந்தார்கள். பரிசோதனையில் சால்மோனெல்லா பாக்டீரியா சிக்கியது. ரிவ்யூ, கூட்டம், புகழ் எல்லாமே அந்தக் கடையில் இருந்தது.

பான் மீக்குள் என்ன இருக்கும்? இறைச்சி, ஈரல் பேஸ்ட், முட்டையில் செய்த சாஸ், பச்சைக் காய்கறி, கொத்தமல்லி. இதில் பலதும் முன்கூட்டியே செய்து, ரூம் டெம்பரேச்சரில் வைத்து, ஆறிப்போன நிலையில் ரொட்டிக்குள் போவது. பச்சை முட்டை மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை போட்டதும் இதே காரணத்துக்காகத்தான். சென்னை ஷவர்மாவில் இருக்கும் ஆபத்து, பாஸ்போர்ட்டில் சீல் குத்தியதும் காணாமல் போய்விடாது.

ஆக, பார்க்க வேண்டியது கடையின் லுக்கை இல்லை. சூட்டையும் நேரத்தையும்தான். 5 டிகிரிக்கு மேல், 60 டிகிரிக்குக் கீழ் இருக்கும் உணவில் கிருமிகள் வேகமாகப் பெருகும். கண்ணெதிரே கொதிக்கும் வாணலியில் புரட்டிக் கையில் தரும் ரோட்டுக் கடை நூடுல்ஸைவிட, காலையிலிருந்து மிதமான சூட்டில் மூடி வைத்திருக்கும் ஸ்டார் ஹோட்டல் பஃபே ஆபத்தாக இருக்கலாம். மிச்ச சோறும் அப்படித்தான். சமைத்து வெளியே விட்ட சாதத்தில் 'பேசில்லஸ் சீரியஸ்' என்ற பாக்டீரியா உருவாக்கும் நச்சு, மறுபடி சூடு பண்ணினாலும் அழியாது. ஃப்ரைட் ரைஸ் ஆவி பறக்குதே என்று நம்பிச் சாப்பிட்டு மாட்டுவது இப்படித்தான்.

''நம்ம வயிறு தாங்கும் ப்ரோ!''

இந்த டயலாக்கை எல்லா கேங்கிலும் ஒருத்தர் சொல்வார். 'பானிபூரியே சாப்பிட்டு வளர்ந்தோம், இதெல்லாம் என்ன?' என்ற தைரியம். பாதி உண்மை. ஒரு ஊரில் பழகிய கிருமிகளுக்கு எதிராக உடம்பில் ஓரளவு எதிர்ப்புசக்தி இருக்கும். ஆனால், வேறு ஊரில் இருப்பது வேறு ரகம். அதோடு, லேட் நைட், தூக்கமில்லாத ஃப்ளைட், வெயில், குடி எல்லாம் சேர்ந்தால் உடம்பு ஏற்கெனவே பாதி களைத்துப்போயிருக்கும்.

இன்னொரு விஷயம், கடைசியாகச் சாப்பிட்ட கடையைத் திட்டுவது. சில நச்சுகள் 1 முதல் 6 மணி நேரத்தில் வேலையைக் காட்டும். சால்மோனெல்லாவுக்கு 6 மணி நேரம் முதல் மூன்று நாள் ஆகலாம். கேம்பைலோபேக்டர் என்றால் 2 முதல் 5 நாள். பாங்காக்கில் வயிறு கலக்கினால், காரணம் சென்னை ஏர்போர்ட்டுக்குப் போகும் வழியில் சாப்பிட்டதாகக்கூட இருக்கலாம்.

வாய்க்குள் போகும் முன்...

* கண்ணெதிரே சமைத்து, சூடாகத் தருவதைச் சாப்பிடுங்கள். கூட்டம் அதிகம் இருக்கும் கடையில் சரக்கு சீக்கிரம் தீரும். அது ஒரு ப்ளஸ், கேரன்ட்டி இல்லை.

* வெட்டி வைத்த பழம் வேண்டாம். முழுப் பழமாக வாங்கி, கழுவி, நீங்களே உரித்துச் சாப்பிடுங்கள். சாலட், பச்சை இலைகள், பச்சைச் சிப்பி போன்றவற்றைத் தவிர்ப்பது நல்லது.

* குழாய்த் தண்ணீரைக் குடிக்க முடியாத ஊரில், அதே தண்ணீரில் வாய் கொப்பளிக்கவும் வேண்டாம். சீல் உடையாத பாட்டில் நல்லது.

* ஐஸ் எங்கிருந்து வந்தது என்று தெரியாவிட்டால், 'நோ ஐஸ்' சொல்லிவிடுங்கள்.

* ஹேண்ட் சானிட்டைஸர் மட்டும் போதாது. நோரோவைரஸை அது சரியாகக் கொல்லாது. சோப்பு போட்டுக் கழுவுவதுதான் சரி.

* டைபாய்டு, ஹெபடைட்டிஸ்-ஏ தடுப்பூசிகள் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். கிளம்பும் முதல் நாள் கேட்டால் பயனில்லை. குறைந்தது இரண்டு வாரம் முன்பே போட்டிருக்க வேண்டும்.

இவ்வளவும் செய்தாலும் வராது என்று யாரும் உறுதி தர முடியாது. சமையலறையில் இருப்பவர் கை கழுவினாரா என்பது நம் கன்ட்ரோலில் இல்லை. ஆனால், வந்த பிறகு முதல் 24 மணி நேரம் என்ன செய்கிறோம் என்பது முழுக்க நம் கையில்தான் இருக்கிறது. ட்ரிப் காலியாகுமா, ஒரு நாளில் எழுந்து நடப்போமா என்பதை அதுதான் முடிவு செய்யும்.

பையில் இருக்க வேண்டிய ஹீரோ

ஃபுட் பாய்சனில் உடம்பை வீழ்த்துவது பெரும்பாலும் கிருமி இல்லை, நீரிழப்பு. அதற்கான மருந்து, நம் ஊர் மருந்துக்கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ் பாக்கெட். 1971 வங்கதேசப் போரின்போது, அகதிகள் முகாமில் காலரா பரவி, ஏற்ற குளுக்கோஸ் பாட்டில் இல்லாமல் போனபோது, டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரை வாய்வழியாகக் கொடுத்தே உயிர்களைக் காப்பாற்றினார். 2023-ல் அவர் மறைவுக்குப் பிறகு பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது.

இதில் சமீபத்திய நியூஸ் ஒன்று இருக்கிறது. பழச்சாறு மாதிரி டெட்ரா பேக்கில் வரும் இனிப்பு டிரிங்ஸ் பல, பெயரில் 'ஓ.ஆர்.எஸ்' என்று போட்டு விற்பனையாகிக்கொண்டிருந்தன. ஹைதராபாத்தைச் சேர்ந்த ஒரு குழந்தைகள்நல மருத்துவர் பல வருடங்கள் இதை எதிர்த்துப் போராடினார். 2025 அக்டோபரில் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ, உணவுப் பொருள்களின் பெயரில் அந்த வார்த்தையைப் பயன்படுத்தக் கூடாது என்று உத்தரவு போட்டது. காரணம் சிம்பிள். உலக சுகாதார நிறுவனத்தின் ஃபார்முலாவில் ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான். சர்க்கரை அதைவிட எகிறினால், குடலுக்குள் தண்ணீரை இழுத்து வயிற்றுப்போக்கை இன்னும் கூட்டும். கோலா, எனர்ஜி டிரிங்க் குடிப்பதும் இதே கதைதான்.

அதனால் வாங்கும்போது 'டபிள்யூ.ஹெச்.ஓ ஃபார்முலா' என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பாக்கெட் 1 லிட்டருக்கா, 200 மில்லிக்கா என்பதையும் பாருங்கள். அரை பாக்கெட், கண் திட்டம் எல்லாம் கூடாது. சுத்தமான தண்ணீரில் முழுசாகக் கலக்கி, ஒவ்வொரு முறை போய் வந்த பிறகும் ஒரு டம்ளர். வாந்தி வந்தால் 10 நிமிடம் விட்டு, ஒரு ஒரு ஸ்பூனாக. கலக்கியதை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். பாக்கெட் இல்லையா? 1 லிட்டர் சுத்தமான தண்ணீரில், மட்டமாக எடுத்த 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. பசி வந்தால் கஞ்சி, சாதம், வாழைப்பழம் சாப்பிடலாம். பட்டினி கிடக்க வேண்டியதில்லை.

மாத்திரையைப் போட்டு ஃப்ளைட் ஏறலாமா?

லோபெரமைட் மாதிரி மாத்திரை வயிற்றுப்போக்கை நிறுத்தும். பெரியவர்கள், பஸ்ஸிலோ ஃப்ளைட்டிலோ மாட்டிக்கொண்டால் அவசரத்துக்குப் போடலாம். ஆனால், காய்ச்சல் இருந்தாலோ, ரத்தம் போனாலோ போடவே கூடாது. வெளியேற வேண்டியதை உள்ளே அடைத்து வைப்பதுபோல ஆகிவிடும்.

ஆன்டிபயாட்டிக் இன்னும் பெரிய தலைவலி. 'போன தடவை டாக்டர் கொடுத்தது' என்று சிப்ரோஃப்ளாக்ஸசினைப் பையில் போட்டுப் போகிறவர்கள் நிறைய. தாய்லாந்தில் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கேம்பைலோபேக்டர் பெரும்பாலும் அந்த மருந்துக்கு மசியாது. தேவையில்லாமல் சாப்பிட்டால், மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவைக் குடலில் சுமந்துகொண்டு வீடு திரும்பும் வாய்ப்புதான் கூடும். லேசான வயிற்றுப்போக்கு, பெரும்பாலானவர்களுக்குச் சில நாள்களில் தானாகவே சரியாகிவிடும்.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டிய நேரம் இதுதான்: மலத்தில் ரத்தம், அதிகக் காய்ச்சல், எதைக் குடித்தாலும் வாந்தி, பல மணி நேரம் சிறுநீர் போகாமல் இருப்பது, எழுந்தால் தலைசுற்றி விழுவது, குழப்பமான பேச்சு. கர்ப்பிணிகள், குழந்தைகள், வயதானவர்கள் காத்திருக்கவே வேண்டாம். தாய்லாந்தில் ஆம்புலன்ஸ் 1669, டூரிஸ்ட் போலீஸ் 1155. மலேசியாவில் 999. வியட்நாமில் ஆம்புலன்ஸுக்கு 115. டிராவல் இன்ஷூரன்ஸ் பாலிசி நம்பரையும், அவர்களுடைய 24 மணி நேர உதவி எண்ணையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, கூட வருபவரின் போனுக்கும் அனுப்பி வையுங்கள். நீங்கள் படுத்துவிட்டால் பேசப்போவது அவர்தான்.

இது ஹேங்ஓவர் இல்லை!

ஒரு விஷயத்தில் மட்டும் 'பார்த்துக்கலாம்' என்று இருக்கவே கூடாது. 2024 நவம்பரில் லாவோஸின் வாங் வியெங் நகரில் ஆறு வெளிநாட்டுப் பயணிகள் இறந்தார்கள். அதில் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த இரண்டு பெண்களுக்கு வயது 19. காரணம் மெத்தனால் கலந்த மது என்று சந்தேகிக்கப்பட்டது. இதே மெத்தனால்தான் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. வாசனையிலும் ருசியிலும் வித்தியாசம் தெரியாது. 12 முதல் 24 மணி நேரம் கழித்துத்தான் உண்மையான விளைவு தெரிய ஆரம்பிக்கும். தலைவலி, வாந்தி, வயிற்றுவலி என்று ஹேங்ஓவர் மாதிரியே வரும். 'கண் மங்குது, பனிமூட்டம் மாதிரி தெரியுது' என்று யாராவது சொன்னால், தூங்கவிடாமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். மாற்று மருந்தும் டயாலிசிஸும் இருக்கிறது. அது பலிக்க நேரம் முக்கியம். இலவச ஷாட், பக்கெட் காக்டெயில், லேபிள் இல்லாத உள்ளூர் சரக்கு மூன்றுக்கும் நோ சொல்வதில் எந்த வெட்கமும் வேண்டாம்.

ஊர் திரும்பிய பிறகு காய்ச்சல் வந்தாலோ, வயிற்றுப்போக்கு இரண்டு வாரத்தைத் தாண்டினாலோ, டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டியது, எந்த ஊருக்குப் போய் வந்தீர்கள் என்பதைத்தான்.

ரோட்டுக் கடைக்கே போகாதீர்கள் என்று சொல்லவில்லை. ஒரு ஊரின் ருசி அங்கேதான் இருக்கிறது. சூடாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு ஜாலியாகச் சாப்பிடுங்கள். பவர் பேங்க் பக்கத்தில் நாலு ஓ.ஆர்.எஸ் பாக்கெட் இருக்கட்டும். அது பிரிக்கப்படாமலே வீட்டுக்குத் திரும்பி வந்தால், ட்ரிப் சூப்பர் ஹிட்!