முதுகெலும்பும் இலக்குப் பலகையும்

வேலை நிமித்தம் மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள மொலீன் நகரில் குடியிருந்த நாட்களில், இடுப்பு வலி தாங்க முடியாமல் முதன்முதலாக ஒரு கைரோபிராக்டரிடம் போனேன். நம் ஊர் முடிதிருத்தகங்களில் சவரம் முடிந்ததும் கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பிச் சொடக்கு எடுப்பார்களே, அதன் அமெரிக்க வடிவம் என்றுதான் அதுவரை எண்ணியிருந்தேன். அது என் அறியாமை. கல்லூரிப் படிப்பின்மேல் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் பயின்று, தேர்வுகள் எழுதி, மாநில அரசின் உரிமம் பெற்றுச் செய்கிற தொழில் அது.

காத்திருக்கும் அறையில் ஒரு சிறிய புத்தக அலமாரி இருந்தது. புத்தகத்தைக் கண்டால் எழுந்துபோய்ப் பார்க்காமல் இருக்க முடியாத நோய் இடுப்பு வலிக்கு முந்தியது. உடற்கூறு பற்றிய நூல் அதில் ஒன்றுகூட இல்லை. நெப்போலியன் ஹில், மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்று சுயமுன்னேற்ற ஆசான்கள் வரிசையாக நின்றார்கள். வரவேற்பு மேசையில் இருந்த பெண் ஏதோ எடுக்க உள்ளே போனபோது திறந்த கதவின் வழியே ஒரு வெள்ளைப் பலகை தெரிந்தது. அந்த வாரத்துக்கான மொத்த வருகைகள் 120, புதியவர்கள் 8. எட்டு கட்டங்களில் மூன்று நிரப்பப்பட்டிருந்தன. மூன்றாவது கட்டம் நான்தான் என்பதை உணர எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

கால் மணி நேரப் பரிசோதனைக்குப் பிறகு, எனக்கு முப்பத்தாறு வருகைகள் தேவைப்படும் என்றும், முன்பணமாகச் செலுத்தினால் கட்டணத்தில் கழிவு உண்டு என்றும் அந்த இளம் மருத்துவர் புன்னகையோடு சொன்னார். அவர் ஏமாற்றுக்காரர் என்று அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. தாம் சொன்னதை அவர் முழுமையாக நம்பினார். அந்த நம்பிக்கையை அவருக்குக் கொடுத்தது முதுகெலும்பா, பலகையா என்பதுதான் அன்றிலிருந்து என்னை விடாத கேள்வி.

என் வீட்டிலிருந்து ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் ஐயோவா மாநிலத்தின் டேவன்போர்ட். இந்தத் தொழில் பிறந்த ஊரே அதுதான். 1895-இல், காந்த சிகிச்சை செய்துவந்த டி.டி. பால்மர் என்பவர், தம் அலுவலகக் கட்டடத்தில் துப்புரவுப் பணி செய்த ஹார்வி லில்லர்ட் என்ற கறுப்பினத்தவரின் முதுகெலும்பில் ஒரு கணுவை அழுத்திச் சரிசெய்ததாகவும், பல ஆண்டுகளாக மங்கியிருந்த அவருடைய செவிப்புலன் மீண்டதாகவும் கதை தொடங்குகிறது. மருத்துவ உலகம் அதை ஏற்கவில்லை. 1906-இல் உரிமமின்றி வைத்தியம் பார்த்த குற்றத்துக்காக டி.டி. பால்மர் சிறைக்குப் போனார். அவருக்குப் பின்னும் பலர் போனார்கள். முதல் மாநில உரிமச் சட்டம் 1913-இல் கான்சஸில் வந்தது. கடைசியாக லூயிசியானா உரிமம் வழங்க ஒப்பியது 1974-இல். அமெரிக்க மருத்துவச் சங்கம் இத்தொழிலை ஒழித்துக்கட்ட முயன்றது சந்தை ஆதிக்கத் தடைச் சட்டத்துக்கு முரணானது என்று 1987-இல் நீதிபதி சூசன் கெட்சன்டானர் தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது.

இந்த வரலாற்றை நான் விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மருத்துவமனைகளின் கதவு மூடியிருந்தது. வேறு மருத்துவர்கள் யாரும் நோயாளியை அனுப்பிவைக்க மாட்டார்கள். தெருவில் ஒரு பெயர்ப் பலகையை மாட்டிவிட்டு, யார் வருவார்கள் என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கும் மனிதனுக்குத் தன்னம்பிக்கை என்பது அலங்காரமன்று, அடுத்த மாத வாடகை. டி.டி.யின் மகன் பி.ஜே. பால்மர் இதைத் துல்லியமாக அறிந்திருந்தார். தம் கல்லூரியின் சுவர்களெங்கும் ஊக்க வாசகங்களை வண்ணத்தில் எழுதிவைத்தார். அச்சகம் நடத்தினார். 1922-இல் டபிள்யூ.ஓ.சி. என்ற வானொலி நிலையத்தையே வாங்கினார். (பத்தாண்டுகள் கழித்து அங்கே அறிவிப்பாளராக வந்து சேர்ந்த இளைஞர் ரொனால்டு ரீகன். டேவன்போர்ட்காரர்கள் இதைச் சொல்லாமல் ஒரு விருந்தையும் முடிப்பதில்லை.) 1951-இல் டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த்தில் ஜேம்ஸ் பார்க்கர் தொடங்கிய பயிலரங்குகள் தொழிலை வெற்றிகரமாக நடத்துவதையே ஒரு பாடமாக்கின. அன்பான சேவையே தம் முதல் உத்தி என்ற பொருள்பட அவர் வைத்த முழக்கத்தின் ஆங்கில முதலெழுத்துகள் எல்.எஸ்.எம்.எஃப்.டி. அந்நாளில் லக்கி ஸ்டிரைக் சிகரெட் விளம்பரத்தில் வந்த அதே எழுத்துகள்!

நாம் இதைப் பார்த்து இளக்காரமாகச் சிரிக்க உரிமையற்றவர்கள். ஜேம்ஸ் ஆலனைச் 'மனம்போல வாழ்வு' என்று தமிழாக்கியவர் வ.உ.சி. அதுவும் சிறைவாசத்தின்போது. கப்பல் கம்பெனி கண்முன்னே சரிந்துகொண்டிருந்த ஒரு மனிதர் எண்ணத்தின் வலிமை பற்றிய நூலைத் தேடிப் பிடித்தது இலக்கிய ரசனையால் மட்டுமல்ல. தோல்வியின் விளிம்பில் நிற்பவர்களுக்கு இத்தகைய நூல்கள் செய்கிற உதவியை, வசதியான நாற்காலியில் இருந்து நாம் அளந்துவிட முடியாது.

ஆனால் பி.ஜே. பால்மரின் கதையில் இன்னொரு அத்தியாயமும் இருக்கிறது. 1924-இல் நியூரோகலோமீட்டர் என்ற கருவியை அவர் அறிமுகப்படுத்தினார். முதுகெலும்பின் இருபுற வெப்ப வேறுபாட்டை அளப்பது அது. அக்கருவி இல்லாமல் செம்மையாகத் தொழில் செய்யவே முடியாது என்றார். விற்க மறுத்து, பெருந்தொகைக்குக் குத்தகைக்கு மட்டுமே விட்டார். அவரைத் தெய்வமாகக் கொண்டாடியவர்களே கூட்டங்கூட்டமாக விலகினார்கள். கல்லூரியின் மாணவர் எண்ணிக்கை சரிந்தது. ஊக்கம் எந்த இடத்தில் வசூலாக மாறுகிறது என்பதை அந்தத் தொண்டர்கள் தங்கள் பணப்பையில் கை வைத்துத்தான் கண்டுகொண்டார்கள்.

இலக்கு வைப்பது பற்றிய அறிவுரைகளுக்கு வருவோம். யேல் பல்கலைக்கழகக் கதையை நீங்களும் கேட்டிருப்பீர்கள். 1953-இல் பட்டம் பெற்றவர்களில் 3 சதவீதத்தினர் மட்டுமே இலக்குகளை எழுதி வைத்திருந்தார்கள். இருபது ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் அவர்களுடைய சொத்து மற்ற 97 சதவீதத்தினரின் மொத்தச் சொத்தைவிட அதிகம். மேடைதோறும் இது ஒலித்திருக்கிறது. 1996-இல் ஃபாஸ்ட் கம்பெனி என்ற பத்திரிகை தேடிப் பார்த்தபோது அப்படி ஓர் ஆய்வு நடந்ததற்கே தடயமில்லை. யேல் பல்கலைக்கழகமும் அப்படி எதுவும் நடக்கவில்லை என்றே சொல்கிறது. இலக்கு பற்றிய வகுப்பின் முதல் பாடமே கட்டுக்கதை!

மெய்யான ஆய்வுகளும் உண்டு. எட்வின் லாக், கேரி லாதம் இருவரும் பல்லாண்டுகள் உழைத்து நிறுவியது இது: 'முடிந்ததைச் செய்' என்பதைவிடக் குறிப்பான, கடினமான இலக்கு கூடுதல் பயன் தருகிறது. 1975-இல் வெளியான ஓர் ஆய்வு எனக்குப் பிடித்தமானது. மரத்தடி ஏற்றிச் செல்லும் லாரி ஓட்டுநர்கள், சட்டம் அனுமதிக்கும் எடையில் 60 சதவீதம் அளவுக்கே ஏற்றிவந்தார்கள். 94 சதவீதம் என்று இலக்குக் கொடுத்ததும், கூடுதல் கூலி ஏதுமின்றியே, ஏற்றும் அளவு 90 சதவீதத்தை ஒட்டி உயர்ந்து அங்கேயே நிலைத்தது. மறுக்க முடியாத வெற்றி. ஆனால் மரத்தடி தன்னை ஏற்ற வேண்டுமா வேண்டாமா என்று கேட்பதில்லை. அதற்கு முதுகு வலிப்பதுமில்லை.

1992-இல் கலிபோர்னியாவில் சியர்ஸ் நிறுவனத்தின் கார் பழுதுபார்க்கும் நிலையங்களில் நடந்ததை இதனருகே வைத்துப் பார்க்க வேண்டும். பணியாளர்களுக்கு விற்பனை இலக்குகள் கொடுக்கப்பட்டன. தேவையில்லாத பழுதுகள் 'கண்டுபிடிக்கப்பட்டன'. அரசு வழக்குத் தொடுத்தது, நிறுவனத்தின் தலைவரே தவறுகளை ஒப்புக்கொள்ளும்படி ஆயிற்று. 2009-இல் லிசா ஓர்டோனெஸ் உள்ளிட்ட நால்வர் இலக்குகளின் பக்கவிளைவுகளைப் பற்றி எழுதிய கட்டுரையில் இது ஒரு முக்கியச் சான்று. காரின் சொந்தக்காரருக்கு எஞ்சினுக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாது. முதுகெலும்பின் சொந்தக்காரருக்கும் அப்படியே.

கைரோபிராக்டர்களுக்கான தொழில் ஆலோசகர்கள் தவறாமல் பேசும் அளவுகோல் ஒன்றிருக்கிறது. மொத்த வருகைகளைப் புதிய நோயாளிகளின் எண்ணிக்கையால் வகுத்து வருவது. ஒரு நோயாளி சராசரியாக எத்தனை முறை வருகிறார் என்பதைச் சொல்வது. அந்த எண் உயர்ந்தால் தொழில் செழிப்பதாகக் கொள்கிறார்கள். சற்று நிதானித்து யோசித்தால் இதன் விபரீதம் புரியும். விரைவில் குணமாகிப் போகிறவர் அந்தச் சராசரியைக் கீழே இழுக்கிறார். வலி தீராமல் வந்துகொண்டே இருப்பவர் மேலே தூக்குகிறார். நோயாளி எதைப் பிரார்த்திக்கிறாரோ அதற்கு நேரெதிரானதைச் சுவரில் எழுதிவைத்து, காலையில் எழுந்ததும் கண்ணை மூடி மனக்கண்ணில் காண்பது என்ன வகைத் தியானம்?

வருகை எண்ணிக்கையைக் கவனிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வாடகை, பணியாளர் சம்பளம், காப்பீட்டு நிறுவனங்களோடு ஓயாத கடிதப் போக்குவரத்து, எல்லாவற்றுக்கும் மேலாகக் கல்விக் கடன். என் இளம் மருத்துவரும், இரண்டாம் முறை போனபோது, தொடக்கத்தில் நாள் முழுவதும் ஒருவர்கூட வராமல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததைச் சொன்னார். "வாசலில் கார் நிற்கும் சத்தம் கேட்டாலே எழுந்து நின்றுவிடுவேன்" என்றார். அந்தத் தனிமையில் ஒரு பலகையும் நாலு புத்தகங்களும் துணையாக இருந்திருக்கின்றன. அவற்றைப் பிடுங்கிவிட்டு அறவுரை சொல்வது எளிது. எண்களைக் கணக்கேட்டில் வைத்துக்கொள்ளட்டும். சிகிச்சை அறையின் வாசலில் மாட்டவேண்டாம் என்பதே என் கட்சி.

மருத்துவர் தம் உள்ளூக்கத்துக்காக இலக்கு வைக்க விரும்பினால், அவர் கைக்குள் இருப்பவை ஏராளம். 2017-இல் அமெரிக்க உள்மருத்துவர் கல்லூரி வெளியிட்ட வழிகாட்டுதல், திடீர் இடுப்பு வலிக்கு மாத்திரைக்கு முன் முயன்று பார்க்கத்தக்கவற்றில் முதுகெலும்புச் சிகிச்சையையும் சேர்த்திருக்கிறது. ஒரு நூற்றாண்டு அவமதிப்புக்குப் பிறகு கிடைத்த அங்கீகாரம் அது. அதே வழிகாட்டுதல், இத்தகைய வலி பெரும்பாலும் காலப்போக்கில் தானாகவே குறைந்துவிடும் என்றும் சொல்கிறது. சிகிச்சையால் கிடைக்கும் பலன் மிதமானது என்பதே அவ்வாண்டில் வந்த ஆய்வுத் தொகுப்பின் முடிவும். இந்த இரண்டு உண்மைகளையும் முதல் நாளே நோயாளியின் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவது ஓர் இலக்கு. சொல்லிவிட்டும் அவர் மறுபடி வருவார் என்று நம்புவதற்குத்தான் மெய்யான தன்னம்பிக்கை வேண்டும். சிறுநீர் கட்டுப்படாமல் போவது, தொடையிடுக்கு மரத்துப்போவது, காய்ச்சலோடு வரும் முதுகு வலி, முன்பு புற்றுநோய் கண்டவரின் புதிய வலி என்று வருபவரை ஒரு சொடக்கும் எடுக்காமல் உடனே மருத்துவமனைக்கு அனுப்புவது இன்னோர் இலக்கு. பலகையில் அது ஒரு வருகையாகக்கூடப் பதிவாகாது. முதியோருக்கான மெடிகேர் காப்பீடு, முன்னேற்றத்துக்கு வாய்ப்புள்ள சிகிச்சைக்குத்தான் பணம் தரும், வெறுமனே தொடர்ந்து பராமரிப்பதற்குத் தராது. காப்பீட்டு விதி என்று இதை முணுமுணுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கென்னவோ, தொழிலின் மனசாட்சியை அரசாங்கக் குமாஸ்தா ஒருவர் எழுதிக்கொடுத்தது போலத் தோன்றும்.

முப்பத்தாறில் இரண்டோடு நிறுத்திக்கொண்டேன். வலி மட்டும் நிற்கவில்லை. அலுவலக நண்பர் ஒருவர் சொல்லி, ஒரு சலவைக் கடைக்கும் பீட்சாக் கடைக்கும் நடுவே சிறிய அறையில் தொழில் நடத்திவந்த ஒரு மூத்த பெண்மணியிடம் போனேன். அவரும் கைரோபிராக்டர்தான். முதல் நாளே, நான்கு முறை பார்ப்போம், முன்னேற்றம் இல்லையென்றால் உங்கள் குடும்ப மருத்துவருக்கு நானே கடிதம் எழுதுகிறேன் என்றார். கையால் மருந்திட்டதைவிட, நாற்காலியிலிருந்து எப்படி எழுவது, காலணியை எப்படிக் குனிந்து போடுவது என்று சொல்லிக்கொடுத்த நேரமே அதிகம். அவர் மேசையில் ஒரு பழைய நோட்டுப் புத்தகம் இருக்கும். ஐந்தாவது முறை போனபோது அதில் என் பெயருக்கு எதிரே ஒரு தேதி எழுதிக் கோடு போட்டார். இனி வரவேண்டாம், வலி திரும்பினால் மட்டும் கூப்பிடுங்கள் என்றார். அந்தப் பக்கம் முழுக்கக் கோடுகள் இருந்தன. மாதக் கடைசியில் அவற்றைத்தான் எண்ணிப் பார்ப்பாராம்.

இவர் எப்படிப் பிழைக்கிறார் என்ற கவலை எனக்கு இருந்தது. இரண்டு வாரம் கழித்து, மறந்து விட்டுவந்த குடையை எடுக்கப் போனேன். மூன்று நாற்காலிகளும் நிரம்பி ஒருவர் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தவர் என்னைக் கண்டதும் முகம் வாடி, "மறுபடியும் வலியா?" என்றார். குடை என்றேன்.