நல்ல துபாஷி வேண்டும்!

திருச்சி காட்டூரில் தமிழில் படிக்கும் ஒரு பிள்ளை, கம்ப்யூட்டருக்கும் தமிழிலேயே கட்டளை எழுத முடியுமா? முடியும்! முத்தையா அண்ணாமலை உருவாக்கி, 2009-ல் கட்டுரை வாயிலாக விளக்கிய 'எழில்' மொழி இருக்கிறது. அதில் 'பதிப்பி' என்று எழுதினால், உள்ளே பைத்தான் மொழியில் எழுதிய நிரல் அழைக்கப்பட்டு, விடை திரையில் தோன்றுகிறது.

"இது இரவல்தானே?" என்று சிலர் ஏளனம் செய்யலாம். பைத்தான் மட்டும் என்னவாம்? நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் பைத்தானை இயக்குவதே 'சி' மொழியில் எழுதிய நிரல்தான்!

ஆகவே, இரவலில் இழுக்கில்லை. ஆனால் ஒன்று: கட்டளை தமிழில் போனால், பிழைச் செய்தியும் தமிழிலேயே திரும்ப வேண்டும். ஆங்கிலத்தில் அதட்டினால் பிள்ளை மிரண்டு எழுந்து போய்விடும். போகும் சொல்லை மட்டுமல்ல, வரும் சொல்லையும் பெயர்த்துச் சொல்பவனே நல்ல துபாஷி!