தலைக்கணக்கும் ஒரு தலைக்கவசம்தான்



‘வளர்ந்து என்னவாக விரும்புகிறாய்?’ என்று ஒன்றாம் ஆண்டு மாணவர்களைக் கேட்டுப் பாருங்கள். மருத்துவர், ஆசிரியர், காவல் அதிகாரி என்ற விடைகளோடு ‘பொம்பா’ என்ற விடையும் தவறாமல் வரும். படம் வரையச் சொன்னால் சிவப்பு வண்டி, நீண்ட ஏணி, கொழுந்துவிட்டெரியும் வீடு, அதற்குள் பாய்ந்து செல்லும் வீரர் எனத் தாள் நிறைந்துவிடும். துணிவைப் போற்றுவது நல்லதுதான். ஆனால், உள்ளே பாய்ந்து செல்லும் அந்த மனிதர் எப்படித் திரும்பி வருவார் என்பதை நாம் பிள்ளைகளுக்குச் சொல்வதே இல்லை.

தீயணைப்பு வீரரின் பாதுகாப்பு அவருடைய துறையின் பொறுப்பு மட்டுமே என்று பலரும் எண்ணிக் கொண்டிருக்கிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவருக்குத் தரமான கவசமும் பயிற்சியும் தர வேண்டியது அரசின் கடமை, அதில் ஐயமில்லை. ஆயினும், கவசம் என்பது கடைசி அரண். அதற்கு முந்திய அரண்கள் நம் வீட்டிலும் பள்ளியிலும் இருக்கின்றன. அவற்றை நாம் காக்கத் தவறும்போது இன்னொரு வீட்டுப் பிள்ளை நமக்காகத் தீக்குள் செல்கிறார்.

கவசம் எவ்வளவு தாங்கும்?

தீயணைப்பு வீரரின் மேலங்கி வெறும் தடித்த துணி அன்று. எளிதில் தீப்பற்றாத வெளிப்படலம், நீரைத் தடுக்கும் நடுப்படலம், வெப்பத்தைத் தடுக்கும் உட்படலம் என மூன்று அடுக்குகள் அதில் உண்டு. அதனோடு தலைக்கவசம், கழுத்தையும் காதையும் மூடும் துணியுறை, கையுறை, காலணி, முகமூடி, முதுகில் காற்றுக்கலன் ஆகியனவும் சேர்கின்றன. மொத்த எடை 20 கிலோவைத் தாண்டிவிடும். ஒன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரைத் தூக்கிக்கொண்டு படியேறுவதற்கு அது ஒப்பானது.

காற்றுக்கலனில் இருப்பது பலரும் நினைப்பதுபோல் தனி உயிர்வளி அன்று. நாம் மூச்சுவிடும் அதே காற்றுதான் அழுத்தி அடைக்கப்பட்டிருக்கிறது. பொதுவாக அரை மணி நேரம், சில கலன்களில் சற்றுக் கூடுதலாக வரும். கனத்த உடையோடு தவழ்ந்து, நீர்க்குழாயை இழுத்து, மூச்சு வாங்கும்போது அந்நேரம் மேலும் சுருங்கிவிடும். காற்று குறைந்தால் எச்சரிக்கை ஊதல் ஒலிக்கும். உள்ளே செல்லும் வழிக்கு மட்டுமன்று, திரும்பி வரும் வழிக்கும் காற்று மீதமிருக்க வேண்டும் அல்லவா? ஆகவே, யார் எத்தனை மணிக்கு, எவ்வளவு காற்றோடு உள்ளே சென்றார் என்பதை வெளியே ஒருவர் பலகையில் குறித்துக்கொண்டே இருப்பார். அதுவும் ஒரு வருகைப் பதிவேடுதான்!

மூடிய அறையில் தீ வளர்ந்து, கூரையை ஒட்டிய வெப்பம் 500 முதல் 600 பாகை செல்சியஸ் வரை எட்டினால், அறையிலுள்ள பொருள்கள் யாவும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பற்றிக்கொள்ளும். அந்நிலையில் மிகச் சிறந்த உடையும் சில நொடிகளே தாங்கும். அதே வெப்பத்தில் கூரையைத் தாங்கும் இரும்புச் சட்டங்களும் தம் வலிமையில் ஏறத்தாழப் பாதியை இழந்துவிடுகின்றன. பலகைச் சுவரும் தகரக் கூரையும் கொண்ட பழைய தோட்டத்து வீடுகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு, அவை எவ்வளவு விரைவில் சரியும் என்று விளக்க வேண்டியதில்லை.

புகையோ இன்னும் கொடியது. மெத்தை, சோபா, நெகிழிப் பொருள்கள் எரியும்போது கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் வெளிப்படுகின்றன. உடையில் படியும் கரியில் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்கள் உண்டு. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, 2022ஆம் ஆண்டில் தீயணைப்புப் பணியையே மனிதர்க்குப் புற்றுநோய் உண்டாக்குவனவற்றின் முதற்பிரிவில் சேர்த்தது. ஆகவே, கரி படிந்த உடையை வீரத்தின் அடையாளமாகப் பிள்ளைகளுக்குக் காட்டாதீர்கள். அது கழுவி அகற்றப்பட வேண்டிய நஞ்சு.

கவசம் காக்க முடியாத ஆபத்துகள்

தீயையும் புகையையும் ஓரளவு தடுக்கும் உடை, வேறு பல ஆபத்துகளுக்கு முன் பயனற்றுப் போகிறது.

நம் ஜெலாப்பாங் வட்டாரத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஒருபுறம் தொழிற்பேட்டை, மறுபுறம் நெருக்கமான வீடமைப்புப் பகுதிகள், கனவுந்துகள் ஓயாத நெடுஞ்சாலை. இவற்றோடு, கிந்தா பள்ளத்தாக்கு முழுவதும் ஈயம் தோண்டிய காலம் விட்டுச் சென்ற குட்டைகள். இங்குள்ள தீயணைப்பு மீட்புப் படையினர் நெருப்புக்கு மட்டும் செல்வதில்லை. ஈயக்குட்டையில் ஒரு பிள்ளை விழுந்தாலும் அவர்களைத்தான் அழைக்கிறோம்.

2018 அக்டோபர் 3ஆம் நாள் பூச்சோங், தாமான் புத்ரா பெர்டானா அருகிலுள்ள பழைய சுரங்கக் குட்டையில் விழுந்து காணாமற்போன 17 வயது இளைஞரைத் தேடி நீருக்குள் இறங்கிய தீயணைப்பு வீரர்கள் அறுவர் வலுவான நீரோட்டத்தில் சிக்கி உயிரிழந்தனர். ஆறு பேர்! பயிற்சி பெற்றவர்கள், கருவிகளோடு இறங்கியவர்கள். நீரின் வேகத்திற்கு முன் அவை போதவில்லை. ‘குட்டைப் பக்கம் போகாதே, செத்துப்போவாய்’ என்று பிள்ளையை அச்சுறுத்துகிறோம். ‘உன்னைத் தேடி இறங்குபவரும் இறக்கக்கூடும்’ என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பேன். தன் உயிரைப் பொருட்படுத்தாத வயதிலும் பிறர் உயிரை எண்ணித் தயங்கும் பிள்ளைகள் உண்டு.

தமிழ்நாட்டிலும் இத்தகைய இழப்புகள் நேர்ந்துள்ளன. 2020 தீபாவளி நாள் விடியலுக்கு முன் மதுரையில் துணிக்கடை ஒன்றில் தீயணைக்கச் சென்ற வீரர்கள் இருவர், பழைய கட்டடம் இடிந்து விழுந்ததில் மாண்டனர். 2017 ஜூலையில் சென்னை கொடுங்கையூரில் அடுமனையொன்றில் பற்றிய தீயை அணைக்கும்போது எரிவாயு உருளை வெடித்து வீரர் ஒருவர் இறந்தார். அங்கே வேடிக்கை பார்த்து நின்ற பொதுமக்கள் பலரும் தீக்காயமுற்றனர். வேடிக்கை பார்க்கும் கூட்டம் வீரருக்கு வழியை அடைப்பதோடு, அவர் காக்க வேண்டிய உயிர்களின் எண்ணிக்கையையும் கூட்டிவிடுகிறது.

இன்னொரு நிகழ்வையும் சொல்லாமல் கடக்க இயலாது. 2018 நவம்பர் 27 அன்று சுபாங் ஜெயா, யூ.எஸ்.ஜே. 25 சீபீல்டு மகா மாரியம்மன் ஆலயத்தருகே கலவரம் மூண்டபோது, எரிந்த வாகனங்களின் தீயை அணைக்கச் சென்ற குழுவில் முகமட் அடிப் எனும் 24 வயது வீரர் இருந்தார். படுகாயமுற்ற அவர் டிசம்பர் 17 அன்று உயிர்நீத்தார். அடையாளம் தெரியாத நபர்களின் குற்றச்செயலே அதற்குக் காரணம் என 2019 செப்டம்பரில் மரண விசாரணை நீதிமன்றம் முடிவு கூறியது. பழைய கசப்பைக் கிளறுவது என் நோக்கமன்று. உதவ வந்தவருக்கு வழிவிடு என்பது எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவான அறம். அதை வகுப்பில் நாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே இங்கே எழுதுகிறேன்.

பதிவேடு காக்கும் உயிர்

இனி, ஆசிரியர்களாகிய நம்மிடம் வருவோம்.

பள்ளிகளில் தீ ஒத்திகை நடக்கிறது. மணி அடிக்கிறது, மாணவர்கள் வரிசையாகத் திடலுக்குச் செல்கின்றனர், நிழற்படம் எடுக்கப்படுகிறது, அறிக்கை கோப்பில் சேர்கிறது. எத்தனை நிமிடத்தில் வெளியேறினோம் என்பதே பெருமையாகப் பேசப்படுகிறது. ஆனால், ஒத்திகையின் உயிர்நாடி தலைக்கணக்கு. அது சரியாக இருந்தால்தான் ஒத்திகைக்குப் பொருள் உண்டு.

நான் முன்பு பணியாற்றிய பள்ளி ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். ஒத்திகையின்போது மூன்றாம் ஆண்டு வகுப்பில் பதிவேட்டின்படி 27 பேர்; திடலில் நின்றவர்களோ 26 பேர். கழிப்பறை, நூலகம், சிற்றுண்டிச்சாலை எனப் பத்து நிமிடங்கள் தேடினோம். பிறகுதான் தெரிந்தது, அந்த மாணவி காலையிலேயே காய்ச்சல் காரணமாகப் பாட்டியுடன் வீடு திரும்பிவிட்டாள் என்று. அலுவலகத்திற்குத் தெரியும், வகுப்பாசிரியருக்குத் தெரியாது. ஒத்திகை என்பதால் எல்லாரும் சிரித்துவிட்டுக் கலைந்தனர். என்னால் சிரிக்க முடியவில்லை. உண்மையான தீயாக இருந்திருந்தால், ‘ஒரு குழந்தை உள்ளே இருக்கிறது’ என்ற சொல் வாயிலில் நிற்கும் வீரரிடம் போயிருக்கும். அந்தச் சொல்லைக் கேட்ட பிறகு எந்த வீரர் வெளியே நிற்பார்? இல்லாத குழந்தையைத் தேடி, முதுகிலுள்ள அரை மணி நேரக் காற்றை அவர் செலவிட்டிருப்பார்.

ஆகவே, பள்ளிகளுக்கு என் வேண்டுகோள்கள் இவை:

1. வருகைப் பதிவேடு வகுப்பாசிரியரின் கையோடு வெளியேற வேண்டும். பையை விட்டுவிடலாம், பதிவேட்டை விடக்கூடாது.

2. பள்ளி நேரத்தில் வீடு திரும்பும் மாணவர், போட்டிக்குச் செல்லும் மாணவர் ஆகியோரின் பெயர் உடனே வகுப்பாசிரியருக்கு எட்ட வேண்டும்.

3. ஓய்வு நேரத்திலும் ஓர் ஒத்திகை நடத்துங்கள். மாணவர்கள் சிதறிக் கிடக்கும் நேரத்தில்தான் கணக்கு தவறும்.

4. தீயணைப்பு வண்டி வந்ததும் ஒரே ஒருவர் முன்சென்று பேச வேண்டும். எத்தனை பேர் உள்ளே, எந்த அறை, மின்சாரத்தின் முதன்மை விசை எங்கே, சிற்றுண்டிச்சாலையின் எரிவாயுத் தோம்பு எங்கே என்ற நான்கு செய்திகள் போதும். பத்துப் பேர் பத்து விதமாகக் கூவினால் எதை நம்புவது?

5. பின்வாயிலின் பூட்டுக்குச் சாவி யாரிடம் என்பது பாதுகாவலர் விடுப்பில் இருக்கும் நாளிலும் தெரிந்திருக்க வேண்டும்.

பெற்றோரே, உங்களிடம்...

பள்ளி விடும் நேரத்தில் வாயிலின் முன் இரட்டை வரிசையில் வண்டிகளை நிறுத்துகிறோம். ‘ஐந்து நிமிடம்தானே ஆசிரியர்’ என்று புன்னகையோடு சொல்கிறோம். அந்த ஐந்து நிமிடத்தில் தீயணைப்பு வண்டி வந்தால் அது எவ்வழியே நுழையும்? தாமதமாக உள்ளே நுழையும் வீரர் வளர்ந்துவிட்ட தீயையே எதிர்கொள்கிறார். வீடமைப்புப் பகுதியில் சாலையோரத் தீயணைப்பு நீர்க்குழாயை மறைத்து வண்டி நிறுத்துவதும் இதே குற்றந்தான்.

திருட்டுக்கு அஞ்சிக் கதவிலும் சன்னலிலும் இரும்புக் கிரில் போட்டு, மாங்காப் பூட்டுகளைத் தொங்கவிடுகிறோம். அவற்றை அறுக்கும் ஒவ்வொரு நிமிடமும் உள்ளே இருப்பவருக்கும் இழப்பு, வெளியே நிற்பவருக்கும் ஆபத்து. சாவி எங்கே இருக்கிறது என்று வீட்டிலுள்ள சிறு பிள்ளைக்கும் தெரியட்டும்.

999 எண்ணை அழைத்து வீட்டு முகவரியைத் தெளிவாகச் சொல்லப் பிள்ளைகளைப் பழக்குங்கள். என்ன எரிகிறது, உள்ளே யாராவது இருக்கிறார்களா என்பதையும் சொல்ல வேண்டும். வெளியே வந்தவர் பொருளை எடுக்கவோ பூனையைத் தேடவோ மீண்டும் உள்ளே போகக்கூடாது. போனால், அவர் பின்னே ஒரு வீரரும் போக நேரிடும்.

மேலும் ஒன்று. ‘பொம்பா வந்து சும்மா நிற்கிறது’ என்று பிள்ளைகளின் முன் ஏசாதீர்கள். 2025 ஏப்ரல் 1 அன்று புத்ரா ஹைட்ஸில் எரிவாயுக் குழாய் வெடித்து எரிந்தபோது, அந்த வெப்பத்தை நெருங்குவதே அரிதாக இருந்தது. குழாயின் அடைப்பிதழ்கள் மூடப்பட்டு, எரிவாயு தீர்ந்த பின்னரே தீ அடங்கியது. அதற்கிடையே வீரர்கள் சுற்றியிருந்த வீடுகளிலிருந்து மக்களை வெளியேற்றினர். எப்போது நுழையக்கூடாது என்று அறிவதும் அவர்கள் கற்ற கல்வியே. அதைக் கோழைத்தனம் என்று சொல்லிக் கொடுத்தால், நாளை அந்தப் பணிக்குச் செல்லும் நம் பிள்ளையே தவறான துணிச்சலுக்குப் பலியாவான்.

‘பாடத்திட்டத்தை முடிக்கவே நேரமில்லை, இதற்கெல்லாம் எங்கே நேரம்?’ என்று சக ஆசிரியர்கள் கேட்பது என் காதில் விழுகிறது. தனிப் பாடவேளை தேவையில்லை. காற்றுக்கலனின் நேரத்தைக் கணிதத்தில் கழித்தல் கணக்காக்கலாம். மூன்றடுக்கு உடையை அறிவியலில் வெப்பக் கடத்தலோடு இணைக்கலாம். வழிவிடுதலை நன்னெறிக் கல்வியில் பேசலாம். ஆண்டுக்கொரு முறை தீயணைப்பு நிலையத்தினர் பள்ளிக்கு வரும்போது, வண்டிமேல் ஏறிப் படம் எடுத்துக்கொள்வதோடு நிறுத்தாமல், ‘ஐயா, நீங்கள் பத்திரமாகத் திரும்ப நாங்கள் என்ன செய்ய வேண்டும்?’ என்று ஒரு மாணவரைக் கேட்கச் சொல்லுங்கள்.

நாளைக் காலை பதிவேட்டில் பெயர் கூப்பிடும்போது இதைச் சற்று நினைவில் கொள்வோம். நாம் இடும் ஒவ்வொரு குறியும் ஒரு குழந்தையின் இருப்பைச் சொல்கிறது. முகம் தெரியாத ஒரு வீரர் எங்கே நுழைய வேண்டும், எங்கே நுழைய வேண்டியதில்லை என்பதையும் அதுவே சொல்கிறது.

உங்கள் பள்ளியில் தலைக்கணக்கை எவ்வாறு எடுக்கிறீர்கள்? நல்ல வழிமுறை இருப்பின் எழுதுங்கள். மற்ற பள்ளிகளும் பயன்பெறட்டும்.