குப்பம் முதல் வாட்ஸ்ஆப் வரை: அரசின் வாசற்சாவி யாரிடம்?

சித்தூர் மாவட்டத்தின் தென்மேற்கு மூலையில், ஆந்திரம், தமிழகம், கர்நாடகம் ஆகிய மூன்று மாநிலங்களின் எல்லைகள் கூடுமிடத்தில் உள்ளது குப்பம். தெலுங்கும் தமிழும் கன்னடமும் ஒரே சந்தையில் ஒலிக்கும் ஊர். 1989 முதல் இத்தொகுதியின் சட்டமன்ற உறுப்பினராக இருந்து வருபவர் சந்திரபாபு நாயுடு. 2002 பிப்ரவரியில் கணினி, பிரிண்டர் தயாரிப்பில் உலகப் பெருநிறுவனமான ஹியூலெட்-பேக்கர்டு, அன்றைய நாயுடு அரசுடன் கைகோத்து, மூன்றாண்டுத் திட்டம் ஒன்றை இவ்வூரில் அறிவித்தது. 'ஐ-கம்யூனிட்டி' என்பது அதன் பெயர். கணினியும் இணையமும் வந்துவிட்டால் வறுமை விலகிவிடும் என்று அன்று முழங்கினார்கள்.

2025 ஜனவரி 30 அன்று அதே நாயுடுவின் அரசு, 'மன மித்ரா' என்ற பெயரில் வாட்ஸ்ஆப் வழி ஆட்சிச் சேவையைத் தொடங்கியது. தொடங்கி வைத்தவர் அவருடைய மகனும் தகவல் தொழில்நுட்பத் துறை அமைச்சருமான நாரா லோகேஷ். வாட்ஸ்ஆப்பின் உரிமையாளரான மெட்டா நிறுவனத்துடன் 2024 அக்டோபர் 22 அன்றே ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. முதற்கட்டத்தில் 161 சேவைகள்: வருவாய்த் துறைச் சான்றிதழ், மின்கட்டணம், சொத்துவரி, அரசுப் பேருந்துப் பயணச்சீட்டு, கோயில் சேவை, குறைதீர்ப்பு மனு என்று பட்டியல் நீள்கிறது.

இரண்டு அறிவிப்புகளுக்கும் இடையே இருபத்து மூன்று ஆண்டுகள். பிரிண்டர் நிறுவனத்தின் இடத்தில் சமூக ஊடக நிறுவனம் வந்திருக்கிறது. அரசின் வாசலுக்குச் சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்ற கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது.

நிறுவனம் வந்தது, சென்றது

குப்பத்தில் அன்று நடந்தவை அனைத்தும் வெறும் பகட்டு என்று ஒதுக்கிவிட முடியாது. சமூகத் தகவல் மையங்கள் திறக்கப்பட்டன. சுய உதவிக் குழுப் பெண்கள் சிலருக்கு டிஜிட்டல் கேமராவும் எடுத்துச் செல்லத்தக்க பிரிண்டரும் சூரிய ஒளியில் மின்னேற்றும் கருவியும் வழங்கப்பட்டன. அவர்கள் கிராமம் கிராமமாகச் சென்று, அரசு விண்ணப்பங்களுக்கு வேண்டிய படங்களையும் திருமணப் படங்களையும் எடுத்துச் சம்பாதித்தார்கள். கூலி வேலை தவிர வேறொன்றும் அறியாத பெண்கள், ஒரு கருவியைத் தம் கையில் ஏந்தித் தொழில் செய்தது நல்ல செய்திதான்.

ஆனால் நிறுவனத்தின் நோக்கம் என்ன? 2003 ஆகஸ்டில் 'ஹார்வர்டு பிசினஸ் ரிவியூ' இதழில், அந்நிறுவனத்தின் உயர் அதிகாரி ஒருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை குப்பத்தைப் பற்றிப் பேசியது. நுண் முதலாளித்துவத்தையும் மாபெரும் நிறுவனத்தையும் இணைத்தது அதன் தலைப்பு. ஏழை நாடுகளின் கிராமங்கள் நாளைய சந்தைகள். அவற்றை இன்றே அறிந்துகொள்ள வேண்டும் என்பதே அத்தகைய திட்டங்களின் அடிப்படை. குப்பம் அவர்களுக்கு ஓர் ஆய்வுக்கூடம்.

2004 தேர்தலில் நாயுடு அரசு வீழ்ந்தது. 2005 பிப்ரவரியில் இத்திட்டங்களுக்கு முகமாக விளங்கிய தலைமை அதிகாரி கார்லி பியோரினா பதவி இழந்தார். மூன்றாண்டுக் காலமும் முடிந்தது, நிறுவனம் விலகிக்கொண்டது. ஹைதராபாத்தில் ஆட்சி மாறியதும் கலிபோர்னியாவில் அதிகாரி மாறியதும் குப்பத்துக் கிராமத்தின் தகவல் மையத்தைத் தீர்மானித்தன. அந்தக் கிராம மக்களிடம் எவரும் எதையும் கேட்கவில்லை.

இந்த வரலாற்றின் மறுபக்கத்தையும் தோழர்கள் மறக்கவில்லை. மாநிலத்தின் தலைமைச் செயல் அதிகாரி என்று தம்மை அழைத்துக்கொண்ட நாயுடுவின் ஆட்சியில்தான், மின்கட்டண உயர்வை எதிர்த்து இடதுசாரிகள் தலைமையில் மக்கள் திரண்டபோது, 2000 ஆகஸ்ட் 28 அன்று ஹைதராபாத் பஷீர்பாக்கில் காவல்துறை துப்பாக்கிச்சூடு நடத்தியது. மூவர் உயிரிழந்தனர். மின்கட்டணத்துக்குக் குண்டும் கணினிக்கு விழாவும் ஒரே கொள்கையின் இரு முகங்கள்.

மனிதர் போனார், செயலி வந்தது

இன்றைய நிலைக்கு வருவோம். 2019இல் ஜெகன்மோகன் ரெட்டி அரசு கிராம, வார்டு செயலகங்களையும், ஏறத்தாழ 2.6 லட்சம் தன்னார்வலர்களையும் கொண்ட ஓர் அமைப்பை உருவாக்கியது. மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியத்தில் அந்த இளைஞர்களின் உழைப்பு சுரண்டப்பட்டது. ஆளுங்கட்சியின் கருவியாகவும் அவர்கள் பயன்படுத்தப்பட்டார்கள் என்ற விமர்சனம் நியாயமானது. ஆயினும் ஓய்வூதியம் கேட்கும் மூதாட்டியின் வீட்டு வாசலில், பெயர் சொல்லி அழைக்கத்தக்க ஒரு மனிதர் நின்றார்.

2024 தேர்தல் பரப்புரையில் மதிப்பூதியத்தை 10,000 ரூபாயாக உயர்த்துவதாக நாயுடு வாக்களித்தார். வென்ற பிறகு, அவர்களின் பணிக்காலம் முன்னரே முடிந்துவிட்டது, இல்லாத பணிக்கு எப்படி ஊதியம் தருவது என்று கைவிரித்தது அரசு. அதன்பின் வந்ததுதான் மன மித்ரா. அரசின் சேவையைக் கைபேசிக்கு மாற்றுவது எளிமை என்று விளம்பரப்படுத்தப்படுகிறது. அந்த எளிமையின் விலையை வேலை இழந்த இளைஞர்களும் கைபேசி இல்லாத முதியவர்களும் செலுத்துகிறார்கள்.

2019-21இல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, ஆந்திரத்தில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் ஒருமுறையேனும் இணையத்தைப் பயன்படுத்தியவர்கள் 21 விழுக்காட்டினர், ஆண்களில் 48.8 விழுக்காட்டினர். அதன்பின் எண்ணிக்கை கூடியிருக்கும். ஆனால் கூடியவர்களுக்கு வெளியே இருப்பவர்கள் யார்? நூறு நாள் வேலைக்குச் செல்பவர்கள், மலையோரச் சிற்றூர்களின் பழங்குடியினர், கைம்பெண்கள், முதியவர்கள். அரசு அலுவலகம் மிகவும் தேவைப்படுபவர்களும் அவர்களே.

கைபேசி இருந்தாலும் போதாது. ஜியோபோன் போன்ற மலிவான கருவிகள் இயங்கும் கைஓஎஸ் தளத்தில் புதிதாக வாட்ஸ்ஆப்பைப் பதிவிறக்கும் வசதியை 2024 ஜூனில் மெட்டா நிறுத்தியது. பழைய ஆண்ட்ராய்டு பதிப்புகளும் அடுத்தடுத்து விலக்கப்படுகின்றன. எந்தக் கருவி வைத்திருப்பவர் அரசுடன் பேசலாம் என்பதை, மக்களால் தேர்ந்தெடுக்கப்படாத ஒரு நிறுவனம் முடிவு செய்கிறது. 2021 அக்டோபர் 4 அன்று உலகெங்கும் வாட்ஸ்ஆப் சுமார் ஆறு மணி நேரம் முடங்கியது. அப்படி ஒரு நாளில் சித்தூர் வட்டாட்சியர் அலுவலகத்தின் சாளரமும் சேர்ந்து மூடிக்கொள்ளலாமா?

காவல்துறையின் அறிவுரையும் அரசின் அழைப்பும்

இதனினும் பெரிய முரண் ஒன்று உள்ளது. இணையவழி மோசடிகளில் 2024இல் மட்டும் இந்திய மக்கள் 22,845 கோடி ரூபாய்க்கு மேல் இழந்ததாக ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. வாட்ஸ்ஆப்பில் வரும் எண்ணை நம்பாதீர்கள், விவரங்களைத் தராதீர்கள் என்று காவல்துறை ஊர்தோறும் சொல்லி வருகிறது. அரசுத் தளம்தானா என்று அறிய, முகவரியின் முடிவில் 'கவ் டாட் இன்' இருக்கிறதா என்று பார்க்கும் பழக்கத்தை மக்கள் இப்போதுதான் மெல்லக் கற்றிருக்கிறார்கள்.

திருப்பதிக்கு இது நன்கு தெரியும். திருமலை தரிசனச் சீட்டும் தங்கும் அறையும் பெற்றுத் தருவதாகக் கூறும் போலி இணையதளங்கள் குறித்துத் தேவஸ்தானம் பலமுறை எச்சரித்துள்ளது. 2024 ஜனவரியில் தன் தளத்தின் பெயரை மாற்றியபோதும், மாநில அரசின் முகவரிக்குள்ளேயே அது இருந்தது. ஏமாறாமலிருக்க பக்தருக்கு உள்ள எளிய அடையாளம் அதுவே.

இப்போது அரசே ஒரு வாட்ஸ்ஆப் எண்ணைத் தந்து, இதன் வழியே விண்ணப்பியுங்கள், இதன் வழியே பணம் கட்டுங்கள் என்கிறது. உண்மையான எண்ணுக்கும் அதே முத்திரைப் படத்தை ஒட்டிக்கொண்ட போலி எண்ணுக்கும் இடையே, எழுத்தறியாத ஒருவருக்கு என்ன வேறுபாடு தெரியும்? மக்கள் பாடுபட்டுக் கற்ற எச்சரிக்கையை அரசே கரைத்துவிடுகிறது.

வாட்ஸ்ஆப்பில் இருவர் பேசுவது பிறர் படிக்க இயலாதவாறு மறையாக்கம் செய்யப்படுகிறது என்பது உண்மை. ஆயினும் யார், யாருடன், எப்போது, எந்த எண்ணிலிருந்து தொடர்பு கொண்டார் என்ற விவரங்கள் நிறுவனத்துக்குக் கிடைக்கும். 2021இல் தன் தனியுரிமைக் கொள்கையை 'ஏற்றுக்கொள், இல்லையேல் வெளியேறு' என்ற முறையில் பயனர்மீது திணித்ததற்காக, இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பர் 18 அன்று மெட்டாவுக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நிறுவனம் மேல்முறையீட்டுக்குச் சென்றது. அந்த அபராதம் அறிவிக்கப்படுவதற்கு ஒரு மாதத்துக்குள் முன்புதான் ஆந்திர அரசு அதே நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்திருந்தது.

வேறு வழி உண்டு

குப்பத்தில் அமெரிக்க நிறுவனம் கால்வைத்த அதே 2002இல், நவம்பர் 18 அன்று, கேரளத்தின் மலப்புறத்தில் 'அக்ஷயா' திட்டத்தைக் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் தொடங்கி வைத்தார். அன்று ஆண்டது காங்கிரஸ் தலைமையிலான அரசு. வீட்டுக்கு ஒருவருக்கேனும் கணினி அறிவு என்பது அதன் முதல் இலக்கு. மையங்களை நடத்தியவர்கள் உள்ளூர்த் தொழில்முனைவோர். திட்டமும் கண்காணிப்பும் அரசுடையவை. ஆட்சிகள் மாறின; இடது முன்னணி அரசுகளும் அதைக் கைவிடாமல் விரிவாக்கின. குப்பத்துத் தகவல் மையங்கள் வரலாறாகிவிட்டன. அக்ஷயா மையங்கள் இன்றும் மக்களின் அன்றாடத்தில் இருக்கின்றன.

திருவனந்தபுரம் மாவட்டத்தின் புல்லம்பாறை ஊராட்சி இன்னும் நெருக்கமான பாடம். வங்கிக் கணக்கில் கூலி வந்துவிட்டதா என்று பார்ப்பதற்காகவே நூறு நாள் வேலைத் தொழிலாளர்கள் வேலையை விட்டு வங்கிக்கு அலைந்தார்கள். அந்த அலைச்சலைப் போக்க, கைபேசியைப் பயன்படுத்தும் முறையை வேலைத்தளத்துக்கே சென்று கற்றுக்கொடுத்தார்கள். 2022 செப்டம்பரில் அது முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற ஊராட்சியானது. அந்த அனுபவத்தை மாநிலமெங்கும் கொண்டு சென்று, ஏறத்தாழ 21.87 லட்சம் பேருக்குப் பயிற்சி அளித்த பின், 2025 ஆகஸ்ட் 21 அன்று முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற மாநிலமாகக் கேரளம் அறிவிக்கப்பட்டது. முதலில் மனிதருக்குக் கல்வி, பிறகு கருவி என்பதே அங்கு கடைப்பிடிக்கப்பட்ட வரிசை.

கிளைகள் இன்றே செய்யக்கூடியவை

கொள்கை மாறும் வரை மக்கள் ஏமாந்துகொண்டிருக்க முடியாது. கிளைக் கூட்டத்திலும் சங்க அலுவலகத்திலும் அரைமணி நேரம் ஒதுக்கினால் கற்றுத்தரக்கூடிய சில உண்டு.

ஒன்று: அரசு எண்ணை எவரோ அனுப்பிய செய்தியிலிருந்து எடுக்கக்கூடாது. அரசுத் தளத்திலோ செயலகத்தின் அறிவிப்புப் பலகையிலோ பார்த்து, தாமே பதிந்துகொள்ள வேண்டும்.

இரண்டு: வாட்ஸ்ஆப்பின் அமைப்புகளில் 'கணக்கு' பகுதிக்குள் இருக்கும் இரு-படிச் சரிபார்ப்பை இயக்கி வைக்க வேண்டும். குறுஞ்செய்தியில் வரும் ஆறிலக்க எண்ணை எவரிடமும் சொல்லக்கூடாது. 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பகுதியில் அறியாத கணினி ஏதும் இருந்தால் உடனே நீக்க வேண்டும்.

மூன்று: போக்குவரத்து அபராதம், விவசாயி உதவித்தொகை, திருமண அழைப்பு என்ற பெயர்களில் வரும் 'ஏபிகே' கோப்புகளைத் திறக்கவே கூடாது. திறந்தால் கைபேசியே திருடனின் கைக்குப் போய்விடும்.

நான்கு: ஆதாரின் விரல்ரேகை, கருவிழிப் பதிவுகளை ஆதார் ஆணையத்தின் தளத்திலோ செயலியிலோ பூட்டி வைக்கலாம். ஆதாருடன் கைபேசி எண் இணைந்திருக்க வேண்டும். ரேஷனுக்கோ ஓய்வூதியத்துக்கோ விரல் வைக்கும் நாளில் தற்காலிகமாகத் திறக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இல்லையேல் அரிசி கிடைக்காமல் திரும்ப நேரும். ஐயங்களுக்கு ஆணையத்தின் 1947 என்ற எண் உள்ளது.

ஐந்து: பணம் பறிபோனால் வெட்கப்பட்டு மறைக்காமல் அப்போதே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் தடுத்தால்தான் மீட்கும் வாய்ப்பு உண்டு.

எழுப்ப வேண்டிய கோரிக்கைகள்

இந்தக் கற்பித்தலே போதும் என்று நின்றுவிடலாகாது. தனிமனித எச்சரிக்கை, அரசின் பொறுப்புக்கு மாற்றாகாது. மெட்டாவுடன் செய்த ஒப்பந்தம் முழுமையாக வெளியிடப்பட வேண்டும்: மக்களின் விவரங்கள் எங்கே, எவ்வளவு காலம் வைக்கப்படும், ஒப்பந்தம் முறிந்தால் என்னவாகும் என்பவற்றை அறியும் உரிமை மக்களுக்கு உண்டு. வாட்ஸ்ஆப்பில் கிடைக்கும் ஒவ்வொரு சேவையும் அரசின் சொந்தத் தளத்திலும், செயலகத்தில் நேரிலும், காகித விண்ணப்பத்திலும் குறைவின்றிக் கிடைக்க வேண்டும். பெற்றுக்கொண்டதற்கு எழுத்து வடிவில் ஒப்புகை தர வேண்டும். குப்பத்திலும் நகரியிலும் சத்தியவேட்டிலும் வாழும் தமிழ் மக்களுக்குத் தமிழில் சேவை தர வேண்டும். செயலகங்களின் காலியிடங்கள் நிரப்பப்பட்டு, மக்களுக்குக் கருவிகளைக் கற்றுத்தரும் பணி முறையான ஊதியத்துடன் இளைஞர்களுக்கு வழங்கப்பட வேண்டும்.

கணினியை எதிர்ப்பது இடதுசாரிகளின் நிலைப்பாடு என்று எதிரிகள் நெடுங்காலமாகப் பழி சுமத்தி வருகிறார்கள். மலப்புறமும் புல்லம்பாறையும் அதற்குப் பதில். கருவி எவர் கையில், எவர் நன்மைக்கு என்பதே எப்போதும் நமது கேள்வி. குப்பத்து மக்கள் ஒரு நிறுவனம் வந்ததையும் பார்த்தார்கள், போனதையும் பார்த்தார்கள். அடுத்த நிறுவனமும் ஒருநாள் போகும். அன்று அரசின் வாசல் பூட்டிக் கிடக்காதிருக்க, சாவியை மக்களிடம் மீட்டுத் தரும் போராட்டத்தை இன்றே தொடங்க வேண்டும்.