வினாப்பட்டியல் நுழையாத வீதி

சமுதாயச் சிக்கலை ஆராய்கிறோம் என்கின்றனர் படித்த இளைஞர். வாழ்க அவர்தம் ஆர்வம்! கல்லூரியில் என்னோடு பயின்றோர் முதுகலைப் பட்டத்துக்காக எழுதிய ஆய்வேடுகள் சிலவற்றை அண்மையில் வாங்கிப் படித்தேன். கெட்டி அட்டை, பொன்னெழுத்து, உள்ளே அட்டவணை, விழுக்காடு! தலபுராணம் தேடி ஓடாமல் சாக்கடையையும் சாதியையும் நோக்கித் திரும்பினரே, அந்த மனத்தைப் போற்றுகிறேன். ஆனால், தோழர்காள், அவர்கள் யாரைக் கேட்டனர் என்று பார்த்தபோது உள்ளம் கொதித்தது.

துப்புரவுத் தொழிலாளர் நிலை பற்றியது ஓர் ஏடு. கேட்கப்பட்ட வினாக்களைக் கேளுங்கள்: மது அருந்துவீரா? பிள்ளைகள் எத்தனை? சேமிப்பு உண்டா? கையுறை அணியாதது ஏன்? இவற்றைக் கூட்டிப் பெருக்கி வகுத்துக் கண்ட முடிவு, தொழிலாளரிடையே விழிப்புணர்வு போதவில்லையாம்!

விழிப்புணர்வு! மலக்குழியில் இறங்கும் தோழருக்கா அது இல்லை? நச்சுக்காற்று உயிர் குடிக்கும் என்பதை அவரினும் நன்கறிந்தவர் யார்? உடன் இறங்கிய உறவினரைப் பிணமாகத் தூக்கியவரிடம் போய், ஆபத்தை அறிவீரா என்று கேட்பது ஆய்வா, அவமதிப்பா? குழியின் மேலே நின்று, "இறங்கு" என்றானே ஒருவன், அவன் எந்த அட்டவணையில் இருக்கிறான்? மனித மலத்தை மனிதன் அள்ளச் செய்வதை 1993இல் ஒரு சட்டம் தடுத்தது. 2013இல் வந்த சட்டமோ, காப்புக் கருவியின்றிச் சாக்கடையில் ஆளை இறக்கினால் முதற்குற்றத்துக்கே 2 ஆண்டுவரை சிறை என்கிறது. 1993 முதல் சாக்கடையில் மாண்டோர் குடும்பத்துக்கு 10 இலட்சம் ரூபாய் தருக என்று 2014இல் பணித்த உச்ச நீதிமன்றம், 2023இல் அதை 30 இலட்சமாக உயர்த்திற்று. இழப்பீடு ஏறியதே ஒழிய இறக்கம் நின்றதா? இச்சட்டத்தை அறிவீரா என்ற ஒரே ஒரு வினாவை ஒப்பந்தக்காரரிடம் கேட்டிருந்தால், விழிப்புணர்வு எங்கே இல்லையென விளங்கியிருக்குமே!

இளவயது மணம் பற்றிய ஏடும் அதே பாதையில் நடக்கிறது. சட்டம் சொல்லும் மணவயதை அறிவாயா என்று பள்ளிச் சிறுமியரைக் கேட்டுள்ளனர். 2006ஆம் ஆண்டின் சட்டமோ மணத்தை நடத்திவைப்பவரையும் அதற்கு இடந்தந்த பெற்றோரையுந்தான் குற்றவாளிகள் என்கிறது. நாள் குறித்தவர், மந்திரம் ஓதியவர், மண்டபத்தை வாடகைக்கு விட்டவர், பந்தியில் அமர்ந்து உண்டு மொய் எழுதிய ஊர்ப் பெரியவர் ஆகிய எவரிடமும் வினா இல்லை!

ஒடுக்கப்பட்டோர் வீட்டுப் பிள்ளைகள் படிப்பை இடையில் விடுவதற்குக் காரணம், "பெற்றோரின் அக்கறையின்மை" என்கிறது மற்றொன்று. கூலியை இழந்து பள்ளி வாயிலில் காத்து நிற்கும் தாய்மாரை நாள்தோறும் காண்கிறேன் நான். வகுப்பில் எந்தப் பிள்ளையை எங்கே அமர்த்துகிறீர், எவரைப் பெருக்கச் சொல்கிறீர் என்று ஆசிரியர்களாகிய எங்களை ஏன் கேட்கவில்லை?

ஒரு நண்பர் மட்டும் மேல்வீதிக்கும் வினாப்பட்டியல் தயாரித்தார். வழிகாட்டிய பேராசிரியர் சிவப்பு மையால் அதை அடித்து, "ஆய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது" என்று எழுதினார். அவர்கள் உண்மை சொல்லமாட்டார்களாம்! 2011-12இல் நாடெங்கும் 42,000க்கு மேற்பட்ட குடும்பங்களைக் கண்ட இந்திய மனித வளர்ச்சி ஆய்வு, "உங்கள் வீட்டில் தீண்டாமை பார்ப்பதுண்டா?" என்று நேரே கேட்டது. இல்லை என்றவரிடம், தாழ்த்தப்பட்டவர் உங்கள் சமையலறைக்குள் வந்தால் ஒப்புவீரா என்று மேலும் கேட்டது. நூற்றுக்கு ஏறத்தாழ 27 வீட்டார் ஏதோ ஒரு வகையில் ஒப்புக்கொண்டனர். மறைத்தது போக எஞ்சியதே இவ்வளவு!

மாணவனுக்கு இத்துணைத் துணிவு ஏது என்பர் சிலர். 1916இல் கொலம்பியப் பல்கலைக்கழகத்தில் 25 வயது மாணவர் ஒருவர் சாதியின் தோற்றம் குறித்துக் கட்டுரை படித்தார். அவர் பெயர் அம்பேத்கர். தீண்டப்படாதார் ஏன் முன்னேறவில்லை என்றா அவர் ஆராய்ந்தார்? அகமணம் என்னும் பூட்டை முதலில் தம் வீட்டுக்குப் பூட்டிக்கொண்டது எந்த வகுப்பு என்று கேட்டார். அந்தப் பூட்டைக் காக்கவே கைம்பெண்ணை எரித்தனர், எரிக்காதவளை முடக்கினர், சிறுமியை மணமுடித்தனர் என்று காட்டினார். அதுவும் வகுப்பறைக் கட்டுரைதான்!

இவ்வாண்டு ஆய்வேடு எழுதப் புகும் தம்பியரே, தங்கையரே! தொழிலாளரிடம் நீட்டிய படிவத்தை ஒப்பந்தக்காரரிடமும் நகராட்சி அலுவலரிடமும் நீட்டுங்கள்; மண்டபக்காரரிடமும் தலைமையாசிரியரிடமும் கொடுங்கள். விடைதர மறுத்தால், மறுத்தவர் இத்தனை பேர், இன்ன பதவியினர் என்று அதற்கும் ஓர் அட்டவணை போடுங்கள்.