பட்டியல்கள் ஒன்றையொன்று அறியட்டும்

இந்த வாரம் மனம் நிறைந்திருக்கிறது. எங்கள் ஊர்ப் பள்ளிவாசல் காரியாலயத்தில் இரண்டு கணினிகள். விண்டோஸ் உள்ள ஒன்றில் கணக்கு வழக்கு. மற்றது பழையது. விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரியோடு நின்றதும் தம்பிமார் அதில் லினக்ஸை ஏற்றிவிட்டார்கள். மஹல்லாக் குடும்பப் பதிவேடு அதில்தான். இரண்டுக்கும் நடுவே பென் ட்ரைவ்தான் ஓடித்திரிந்தது. எது புதிய பிரதி, எது பழையது என்று ஸகாத் காலத்தில் பெரியவர்களுக்குள் மனக்கசப்பே வந்ததுண்டு. உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் ஒரு பிள்ளை, அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில், லினக்ஸில் சாம்பா என்ற மென்பொருளை நிறுவி, இரண்டு கணினியையும் ஒரே கோப்புறையைப் பார்க்க வைத்துவிட்டான். “சேர், இனி பென் கொண்டு ஓடத் தேவல்ல” என்றான்.

விண்டோஸ் கணினிகள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் நெறிமுறை எஸ்எம்பி. 1980களில் ஐபிஎம்மில் பிறந்து மைக்ரோசொஃப்டின் கையில் வளர்ந்தது. லினக்ஸ் வழிவந்த யுனிக்ஸ் உலகமோ சன் நிறுவனம் 1984இல் தந்த என்எஃப்எஸ் என்ற வேறொரு நெறிமுறையோடு இருந்தது. 1991 கடைசியில், கன்பராவில் அவுஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல், கம்பியில் போய்வரும் தரவுப் பொதிகளைக் கவனித்து, எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் போகிறது என்று கண்டறிந்து, அதே பதிலைச் சொல்லும் நிரலை எழுதினார். அதை எல்லாருக்கும் இலவசமாகக் கொடுத்தார். அதுதான் பின்னாளில் சாம்பா ஆனது. நெறிமுறை ஆவணங்களை மைக்ரோசொஃப்ட் வெளியே தர, ஐரோப்பிய ஆணையத்தின் 2004ஆம் ஆண்டு முடிவும், 2007 செப்டம்பரில் நீதிமன்றம் அதை உறுதி செய்ததும் தேவைப்பட்டன. அந்த டிசம்பரில்தான், 10,000 யூரோ செலுத்தி அவற்றைச் சாம்பா குழு பெறும் உடன்பாடு கையெழுத்தானது.

எங்கள் காரியாலயத்தில் கோப்புறை திறந்தது. ஆனால் பதிவேட்டின் பழைய பக்கங்களைத் திறந்தால் ஆங்கில எழுத்துகள் சிதறிக் கிடக்கின்றன. பாமினி! இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிப்போருக்கு என் பாமினி வழக்குப் புதிதில்லை. ஆனாலும் சொல்லாமல் விடமாட்டேன். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டிய கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகளே. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் நம் வாப்பாமாரின் பெயர்கள் அரைப்புள்ளியும் கிறுக்கலுமாகத் தெரியும். தேடினால் அகப்படாது, அகரவரிசைப்படி அடுக்க முடியாது. எல்லா மொழிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் தமிழ் இடம்பெற்றதும் 1991இல்தான், ட்ரிட்ஜெல் நிரல் எழுதத் தொடங்கிய அதே ஆண்டு. இன்றும் நம் ஊர்களில் கடிதமும் கூட்ட அறிக்கையும் பாமினியில் அச்சாகின்றன.

யூனிகோடிலும் ஓர் இடத்தில் கவனம் வேண்டும். ‘பொ’வில் உள்ள கொம்பையும் காலையும் ஒரே குறியாகவும் சேமிக்கலாம், இரண்டாகப் பிரித்தும் சேமிக்கலாம். பழைய மக் கணினிகள் கோப்புப் பெயர்களைப் பிரித்தே வைத்தன. லினக்ஸ் கொடுத்ததை அப்படியே வைக்கும். பகிர்ந்த கோப்புறையில் ஊர்ப் பெயரில் கோப்புகள் வைத்தால், கல்முனையும் நிந்தவூரும் தப்பிவிடும். பொத்துவிலும் திருக்கோவிலும் ஒரே பெயரில் இரண்டு கோப்புகளாக நிற்கக்கூடும். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு.

இதை எழுதும்போது மனம் 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் போகிறது. அந்த ஞாயிறு காலை இலங்கையில் அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை, பத்தாயிரத்துக்கும் மேல். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு என்று கரை முழுக்க ஜனாஸாக்களும் பிரேதங்களும். எஞ்சியவர்கள் பள்ளிவாசல்களிலும் பாடசாலைகளிலும். பள்ளிவாசலில் ஒரு பட்டியல், கிராம உத்தியோகத்தரிடம் ஒன்று, தொண்டு நிறுவனத்திடம் ஆங்கிலத்தில் ஒன்று. முஹம்மது ஒன்றில் முகம்மது, இன்னொன்றில் மொஹமட். ஒரே பிள்ளை மூன்று பிள்ளைகளாகத் தெரிந்தால், தேடி அலையும் தாய்க்கு எந்தப் பட்டியல் பதில் சொல்லும்?

அந்த நாட்களிலேயே கொழும்பில் கணினித் தொண்டர்கள் கூடி ஒரு மென்பொருளை எழுதத் தொடங்கினார்கள். லங்கா சொஃப்ட்வெயார் ஃபவுண்டேஷன் பொறுப்பேற்று வளர்த்த அதன் பெயர் சஹானா. காணாமற்போனோர், முகாம்கள், உதவி நிறுவனங்கள், தேவைகள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பதியும் ஏற்பாடு. சாம்பாவைப் போல அதுவும் கட்டற்ற மென்பொருள். 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்துக்கும் 2010 ஹெய்ட்டி நிலநடுக்கத்துக்கும் அது போனது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2006ஆம் ஆண்டுக்கான சமூகப் பயன் விருதை அதற்கு வழங்கியது. அமெரிக்காவில் 2005 கத்ரீனா புயலின்போது காணாமற்போனோர் பட்டியல்கள் பல தளங்களில் சிதறிக் கிடந்தன. அவற்றை இணைக்கவும் ஒரு பொது வடிவத்தை வகுக்க வேண்டிவந்தது. ஹெய்ட்டியில் கூகுள் அந்த வடிவத்தையே பயன்படுத்தியது.

நம் கரையின் துயரத்திலிருந்து பிறந்த ஒரு கருவி உலகத்துக்குப் பயன்பட்டது. நம் பிள்ளைகள் அதைப் படிக்கவேண்டும். சஹானாவைத் தொடங்கியவர்கள் அழிவு நடந்த பிறகே தொடங்க முடிந்தது. நமக்கோ இப்போது நேரம் இருக்கிறது. வெவ்வேறு கணினிகள் பேசிக்கொள்ள முடிவது, பேசும் முறையை முன்கூட்டியே பொதுவில் தீர்மானித்திருப்பதால்தான். மனிதர்களின் பட்டியல்களுக்கும் அதே விதிதான்.

ஆகவே பள்ளிவாசல் நிருவாக சபைகளுக்கும் கோயில் பரிபாலன சபைகளுக்கும் மீனவர் சங்கங்களுக்கும் கேட்கிறேன். பதிவேடுகளை யூனிகோடுக்கு மாற்றுங்கள். பெயரோடு அடையாள அட்டை இலக்கத்தையும் பிறந்த திகதியையும் சேருங்கள். பட்டியலின் எந்த நிரலில் என்ன விபரம் என்று பக்கத்து ஊரோடும் பேசி ஒரே ஒழுங்கை வையுங்கள். கடவுச்சொல் போட்ட ஒரு பிரதி கடலோரத்துக்கு வெளியேயும் இருக்கட்டும். வேலைக்கு ஆள் வேண்டுமா? பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறார்கள், கூப்பிட்டுக் கேளுங்கள்.