படம் ஷேக் ஆனால் பழி கண்ணாடிக்கா?

டெல்லி லோதி தோட்டத்தின் கல்லறைகளைப் படமெடுக்கப் பழைய ஃபிலிம் கேமராவுடன் வரும் இளைஞர்களிடம் ஒரு நம்பிக்கை வேரூன்றியிருக்கிறது. எஸ்.எல்.ஆரில் கண்ணாடி மேலெழும்பி அடிப்பதால்தான் படம் ஷேக் ஆகிறதாம். துல்லியம் வேண்டுமென்றால் லைக்கா மாதிரி, கண்ணாடி எழும்பாத ரேஞ்ச்ஃபைண்டர்தான் வாங்க வேண்டுமாம். இதை நம்பிச் சேமிப்பைக் கொட்டிக் கொடுப்பவர்களைப் பார்த்தால் மனம் பொறுக்கவில்லை.

கண்ணாடி அடிப்பது உண்மைதான். ஆனால் 1/250 நொடியில் அந்த அதிர்வு படத்தைக் கலைக்க நேரம் போதாது. ஷட்டர் பல நொடிகள் திறந்திருந்தாலோ, அதிர்வு நீடிக்கும் நேரம் அதில் மிகச் சொற்பம். இடைப்பட்ட 1/30 முதல் 1 நொடி வரைதான் தொல்லை. அதுவும் ட்ரைபாடில் நீண்ட லென்ஸ் மாட்டியிருக்கும்போது. அதற்கும் வழி உண்டு: நிக்கான் எஃப்எம்2-வில் செல்ஃப் டைமரை வைத்தால் கண்ணாடி முதலிலேயே மேலேறி நின்றுவிடும், ஷட்டர் பிறகுதான் திறக்கும். தொல்லியல் துறையின் நினைவுச் சின்னங்களில் ட்ரைபாடுக்கு முன்அனுமதி வேண்டும் என்பதால், இங்கே பெரும்பாலோர் கையில் பிடித்தே எடுக்கிறார்கள். கையில் பிடித்தால், அந்த வேகங்களில் கையின் ஆட்டம் கண்ணாடியின் ஆட்டத்தை விழுங்கிவிடும்.

சந்தேகமிருந்தால் நெகட்டிவையே கேளுங்கள். இதே தோட்டத்தில் படா கும்பட்டை ஒட்டிய மசூதி 1494-இல் கட்டப்பட்டது. அதன் சுதை எழுத்துகள் நூல் நூலாக இருக்கும். அவற்றை எடுத்த நெகட்டிவை லூப் எனும் உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பாருங்கள். நடுவிலுள்ள எழுத்து தெளிவாக இருந்து, பக்கவாட்டு ஓரங்களில் மேலும் கீழுமாகவும், மேல் ஓரத்தில் இடவலமாகவும் இழுபட்டிருந்தால், கேமரா சுழன்றிருக்கிறது. வலது மூலையிலுள்ள பொத்தானை விரல் வெடுக்கென்று அமுக்கியதன் தடம் அது. கண்ணாடி மேல்கீழாகத்தான் உலுக்கும், இப்படிச் சுழற்றாது.

கனமான கேமரா ஆடாது என்பதும் அரை உண்மைதான். 1979-இல் வந்த ஒலிம்பஸ் எக்ஸ்ஏ உள்ளங்கைக்குள் அடங்கும். ஆனால் அதன் பொத்தானை விரலால் தொட்டாலே போதும். டெல்லியில் பத்திரிகைப் படமெடுத்த ஹோமாய் வியாரவாலா பயன்படுத்திய ரோலிஃபிளெக்ஸில் கண்ணாடி அசையாது, ஷட்டரும் லென்ஸுக்குள்ளேயே மெல்லத் திறந்து மூடும். வாரை இழுத்துப் பிடித்து வயிற்றோடு அணைத்தும் எடுக்கலாம். கேமராவின் அமைப்பு கைகொடுக்கும் இடம் இது, ஒப்புக்கொள்கிறேன். லைக்கா எம் வரிசையிலோ 135 மி.மீ.க்கு மேல் லென்ஸ் மாட்டி ஃபோகஸ் செய்வது கடினம். குவிமாட உச்சியில் உட்கார்ந்திருக்கும் கிளியை எடுக்க எஸ்.எல்.ஆர்.தான் வேண்டும்.

50 மி.மீ. லென்ஸுக்கு 1/60 போதும் என்ற கணக்கு சிறிய பிரிண்டுக்குச் சரி. சுவரில் மாட்டப் பெரிதாக்கினால் 1/125-க்குக் கீழே போகாதீர்கள். தோட்டத்திலுள்ள ஷீஷ் கும்பட் முகப்பின் நீல ஓடுகளை மாலை நிழலில் எடுக்க ஐ.எஸ்.ஓ. 100 ஃபிலிம் 1/30 கேட்டால், 400 ஃபிலிமில் 1/125 கிடைக்கும். ஒரு ரோலை மாற்றினாலே ஷேக் பாதி தீர்ந்தது.

ஆகவே கையிலிருக்கும் பணத்துக்கு ஒரு பென்டாக்ஸ் கே1000 வாங்குங்கள். சாந்தினி சௌக்கின் குச்சா சௌத்ரி கடைகளில் வாங்கும்போது கண்ணாடிச் சத்தத்தைக் கேட்டு மிரளாமல், ஷட்டர் வேகத்தைச் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். பல வருடம் சும்மா கிடந்த கேமராவில் எண்ணெய் இறுகி, 1/125 என்று எழுதிய இடத்தில் 1/60 ஓடுவதுண்டு.